டிவியை அணைத்த பிறகு பையன் என்ன செய்கிறான்?

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'நான் ஜப்பானிய மொழி படிக்கப் போனதற்குக் காரணமே ஒரு கார்ட்டூன்தான்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்து ஆசிரியரே, 'இந்த மாதம் முழுக்க இதையே எழுதிடுங்க' என்று சொல்லிவிட்டார். பாதி அம்மா அப்பாக்கள், பாதி பிள்ளைகள். இரண்டு கடிதம் ஒரே வீட்டிலிருந்து ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் எழுதியதோ என்றுகூட எனக்குச் சந்தேகம். அனிமே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஜப்பானில் எடுக்கிற அனிமேஷன் தொடரும் படமும். அதுவே காமிக்ஸ் புத்தகமாக வந்தால் மாங்கா. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழிலேயே பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிட்டது, இனி யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

கே: எட்டாவது படிக்கிற பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நருட்டோ. தமிழிலேயே வருவதால் என் மாமனாரும் பேரனோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். திடீர் திடீரென்று விரலைக் கோத்து என்னென்னமோ முத்திரை பிடிக்கிறான். கண் கெட்டுவிடுமா, படிப்பு கெட்டுவிடுமா, புத்தி கெட்டுவிடுமா?
- ஓர் அம்மா, பல்லடம்

ப: முதலில் கண். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு எபிசோடில் சிவப்பும் நீலமும் படபடவென்று மாறி மாறி மின்னியதைப் பார்த்து, வலிப்பு, மயக்கம், வாந்தி என்று 600 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். தொடரையே நாலு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அதற்கப்புறம் அங்கே பிள்ளைகள் பார்க்கும் தொடர்களுக்கு முன்னால் 'வெளிச்சமான அறையில், டிவியை விட்டுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்' என்று போடுவது வழக்கமாகிவிட்டது. நீங்களும் அதையே செய்யுங்கள். லைட்டைப் போடுங்கள், மாமனாரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், பையன் தானாகப் பின்னால் வருவான்.

அந்த முத்திரைக்குப் பயப்பட வேண்டாம். எலி, எருது, புலி என்று 12 விலங்குகளின் பேரில் 12 முத்திரை, கதையில் வித்தை காட்டுவதற்கு முன் பிடிப்பது. பௌத்தத்தோடு இங்கிருந்து அங்கே போன முத்திரைகளுக்குத் தூரத்துச் சொந்தம். சாமி கும்பிடுகிற கைதான், கொஞ்சம் வேகமாக.

படிப்புக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நருட்டோ முதல் பாகம் 220 எபிசோடு, இரண்டாம் பாகம் 500. நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வருஷம், அதற்குள் பத்தாவது பொதுத்தேர்வு வந்து நிற்கும். ஆனால் இதில் மூலக்கதைக்குச் சம்பந்தமில்லாமல் இழுத்துவிட்ட எபிசோடுகள் ஏகப்பட்டது, மாங்கா வேகமாக வராததால் நேரம் கடத்தச் சேர்த்தவை. எவையெவை என்று பையனுக்கே தெரியும். 'அதையெல்லாம் விட்டுடு சாமி' என்று நீங்கள் சொன்னீர்கள் என்றால், அம்மாவுக்கு இவ்வளவு தெரியுமா என்று ஆடிப்போவான். அப்புறம் இன்னொன்று, அனிமே என்றாலே குழந்தைகளுக்கு என்று நினைத்து ரிமோட்டைக் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கென்றே எடுத்தது நிறைய இருக்கிறது. ஓடிடியில் ஓரத்தில் 7+, 13+, 16+ என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

புத்தி விஷயத்துக்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். சோமனூரில் தறிக்குடோனை ஒட்டின வீடு எங்களுடையது. தறிச் சத்தத்தில் டிவி கேட்காது, அதனால் டிராகன் பால் ஜீயை நான் பார்த்தேனே தவிர பெரும்பாலும் கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு வெள்ளென எழுந்து ஓடுவேன் என்று கிளம்பினேன், மூன்று நாள் ஓடினேன், நாலாவது நாள் நாய் துரத்தியது, அதோடு சரி. ஆனால் தொடர் முடிந்ததும் ஓடுகிற ஜப்பானிய எழுத்துகளை, என்னவென்றே தெரியாமல், அப்பாவின் தறிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். பாவுக்கணக்கு எழுதியிருந்த பக்கம் ஒன்று அதில் போய் முதுகில் வாங்கினேன். ஓட்டம் என்னிடம் தங்கவில்லை, எழுத்து தங்கிவிட்டது. டிவி ஓடும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அணைத்த பிறகு பையன் என்ன செய்கிறான் என்று ஒரு வாரம் சும்மா பாருங்கள். வரைகிறானா, குதிக்கிறானா, தாத்தாவுக்குக் கதை சொல்கிறானா, இல்லை அடுத்ததைப் போடு என்று கத்துகிறானா? கடைசியாகச் சொன்னது மட்டும்தான் என்றால் திரும்ப எழுதுங்கள், பேசுவோம்.

கே: கடைக்கு வருகிற பையன்கள் எல்லாம் செல்போனில் அனிமே படத்தைக் காட்டி இதே மாதிரி வெட்டு என்கிறார்கள். மனுசனுக்கு முடி அப்படி நிற்குமா?
- சலூன் கடைக்காரர், ஈரோடு

ப: நிற்காது. மாங்கா கறுப்பு வெள்ளை, முகமெல்லாம் ஒரே அச்சு, அதனால் ஆள் அடையாளத்துக்கு முடியைக் கோணல்மாணலாக வரைகிறார்கள். டிராகன் பாலில் கோகுவுக்கு முடி பொன்னிறமாக மாறியதற்குக்கூடக் காரணம் உண்டு: கறுப்பு முடிக்கு மை பூசியே உதவியாளருக்கு நேரம் போனது, வெள்ளையாக விட்டால் வேலை மிச்சம் என்று அதை வரைந்த டோரியாமாவே சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்களிடம் ஜெல்லுக்குத் தனி ரேட் என்று சொல்லிவிடுங்கள்.

கே: ஹைக்யூ பார்த்துத்தான் வாலிபால் ஆட ஆரம்பித்தேன். பதினொன்றாவது படிக்கிறேன், உயரம் 152 செ.மீ. சார் என்னை 'நீ லிபரோவா நில்லு' என்கிறார். எனக்கு ஸ்பைக் அடிக்கத்தான் ஆசை. அந்தத் தொடரில் ஹினாட்டாவும் குள்ளம்தானே?
- ஒரு மாணவி, கோபி பக்கம்

ப: கண்ணு, ஹினாட்டா குள்ளம்தான், ஆனால் அவனே உன்னைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். பெண்களுக்கு வலை உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. சுவரில் 2.24க்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அதற்கு மேல் உன் உள்ளங்கை முழுசாகப் போகிறதா என்று குதித்துப் பார். போனால் சாரிடம் போய்க் கேள். போகவில்லை என்றால் குதிக்கப் பழகு, அதுவரை லிபரோவாக நில்.

லிபரோ என்றால் ஒதுக்கிவைப்பது என்று நினைக்காதே. 1998ல்தான் அந்த இடமே சர்வதேச விதிக்குள் வந்தது. வேறு நிறச் சட்டை, பின்வரிசையில் மட்டும் ஆடலாம், வலைக்கு மேலே இருக்கிற பந்தை அடித்து அனுப்பக் கூடாது. அந்தத் தொடரிலேயே நிஷினோயா என்று ஒருத்தன் இருக்கிறான், ஹினாட்டாவைவிடக் குள்ளம், எத்தனை பேருக்கு அவனைத்தான் பிடிக்கும் தெரியுமா? அவன் எடுத்துக் கொடுக்காவிட்டால் ஹினாட்டா காற்றைத்தான் அடிக்க வேண்டும்.

அனிமேயில் ஒரு பொய் உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள். பந்து கையை விட்டுக் கிளம்பி அந்தப் பக்கம் விழுவதற்குள் சின்ன வயசு ஞாபகம், அம்மா சொன்னது, எதிராளியின் சோகக்கதை எல்லாம் வந்துபோகும். நம் ஊர்த் திடலில் பொழுதோட ஆடும்போது அவ்வளவு யோசித்தால் பந்து மூஞ்சியில் விழும். ஆனால் தோற்பதைக் காட்டுகிற விதத்தில் பொய் இல்லை. ஒரு மேட்ச் தோற்றால் கடைசி வருஷமான மூன்றாம் ஆண்டு அண்ணன்களுக்குப் பள்ளி ஆட்டம் அதோடு முடிந்தது. அந்த அழுகை, மண்டலப் போட்டியில் தோற்று வேனில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் வருவீர்களே, அதேதான்.

கார்ட்டூனைப் பார்த்து ஆட வந்தேன் என்று சொல்ல வெட்கப்படாதே. 1978ல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக்கோப்பையை டிவியில் பார்த்துவிட்டு ஜப்பானில் பதினேழு வயசுப் பையன் ஒருவன் கால்பந்துப் பைத்தியமானான். பேர் யோயிச்சி தகஹாஷி. 1981ல் அவர் வரைய ஆரம்பித்த மாங்காதான் 'கேப்டன் சுபாசா', 1983ல் அனிமே ஆனது. அது ஸ்பெயின் டிவிக்குப் போக, அங்கே அதைப் பார்த்துத்தான் கால்பந்து ஆட ஆரம்பித்தேன் என்று பெர்னாண்டோ டோரஸ் சொல்லியிருக்கிறார். அந்த டோரஸ் இருந்த அணி 2010ல் உலகக்கோப்பை வாங்கியது. 2018ல் அவர் கடைசிக் காலத்தை ஆடப் போனது எங்கே? ஜப்பான் கிளப்புக்கு. ஒரு டிவியில் ஆரம்பித்து இன்னொரு டிவி வழியாகச் சுற்றித் திரும்ப அதே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது பார். நடுவில் ஒவ்வொருவரும் பல வருஷம் வேர்வை சிந்தியதை யாரும் எபிசோடாக எடுக்கவில்லை.

கே: பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். நாலு வருஷமாக அனிமே பார்த்துப் பார்த்து, சப்டைட்டில் இல்லாமலே பாதி புரிகிறது. ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் நேராக என்3 எழுதலாமா? ஜப்பான் வேலைக்கு இது போதுமா?
- ஒரு பட்டதாரி, பெருந்துறை

ப: தம்பி, உங்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன்.

கோவையில் பம்ப்புக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பர்ச்சேஸில் இருந்தேன். ஜப்பானிலிருந்து அறுபது வயசு இருக்கும் ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். காஸ்டிங்கை எடுத்து வெர்னியரில் அளந்து, இருநூறு பீஸ் நடுவில் சரியாக அளவு தப்பின ஒன்றைக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்து வைத்தார். எனக்கு அப்படியே அனிமே சீன் மாதிரி இருந்தது. ஊரே கேட்கும்படி 'ஒமாயே, சுகோய் நா!' என்றேன். பாராட்டித்தான் சொன்னேன். நம் பாஷையில் அது 'டேய், நீ பெரிய ஆளுடா' என்ற மாதிரி. மனுஷன் வெர்னியரைக் கீழே வைத்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்கள் முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்து வேர்த்துவிட்டது. ஒரு நிமிஷம் கழித்து அவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: 'அனிமே?' தலையை ஆட்டினேன். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குத்தான் ஆர்டர் தப்பித்தது.

அனிமேயில் சண்டைக்காரனும் பள்ளிக்கூடத்துப் பையனும் பேசுவதை வைத்து ஆபீசில் பேச முடியாது. அங்கே எதிரில் இருப்பவரை 'நீ' என்ன, 'நீங்கள்' என்றுகூடப் பெரும்பாலும் சொல்வதில்லை, பேரோடு 'சான்' சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். வாக்கியத்தின் கடைசியில் 'தெஸ்', 'மாஸ்' என்று முடித்தால்தான் மரியாதை. கொங்கு நாட்டுக்காரனுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். நாம் 'சரி' என்றா சொல்கிறோம்? 'சரிங்க' என்கிறோம். 'ஆமாங்க', 'இல்லீங்க', 'வாங்க போலாமுங்க'. பஸ்ஸில் சில்லறை கேட்பதற்குக்கூட ஒரு 'ங்க'. வாய் தானாகப் போடுகிற அந்த 'ங்க'தான் 'மாஸ்' என்று நினைத்துக்கொண்டு பழகினேன், ஒரே மாதத்தில் வந்துவிட்டது.

வாக்கிய அமைப்பும் நம்முடையது போலத்தான். 'வதாஷி வா கோயம்பத்தூரு கரா கிமாஷ்தா.' நான், கோயமுத்தூர், இருந்து, வந்தேன். 'கரா'தான் நம் 'இருந்து', பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, வினை கடைசியில் வருகிறது. இங்கிலீஷ் படித்தபோது தலைகீழாக நின்றோமே, அது இங்கே இல்லை. இந்த ஒற்றுமையை வைத்துத் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு என்று சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் புத்தகமே எழுதினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சொந்தமோ இல்லையோ, படிக்கச் சுலபம்.

இப்போது உங்கள் கேள்வி. காதுக்குப் புரிகிறது, சரி. ஜேஎல்பிடியில் கேட்டல் ஒரு பகுதிதான், மீதி எல்லாம் வாசிப்பு. ஒலியெழுத்து 46 ஹிராகானா, 46 கதக்கானா, அதற்கு மேல் காஞ்சி என்கிற சித்திர எழுத்து. ஜப்பானில் அன்றாடம் புழங்குவது என்று அரசு பட்டியலிட்ட காஞ்சியே 2136. அனிமே பார்த்து ஒரு காஞ்சிகூட வராது. அடிப்படை நிலையான என்5 மாதிரித் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இன்றைக்கு ராத்திரி கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே முடித்தால் என்4க்குப் போங்கள், என்3 அப்புறம். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்புக்காரர்கள் நடத்துகிறார்கள். இந்தத் தேர்வில் பேசச் சொல்ல மாட்டார்கள், ஆனால் வேலைக்கான இண்டர்வியூவில் பேச்சுதான். அங்கே ஒமாயே வேண்டாம்.

கே: அனிமே படம் போட்ட டி-ஷர்ட் நன்றாகப் போகிறது. நானே பிரிண்ட் போட்டு ஆன்லைனில் விற்கலாம் என்று இருக்கிறேன். சரிவருமா?
- பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

ப: உரிமம் வாங்காமல் என்றால் சரிவராது. நம் நாட்டில் பதிப்புரிமை, வரைந்தவர் இருக்கும்வரையும் இறந்து 60 வருஷம் வரையும். இந்த ஆட்கள் பெரும்பாலும் உயிரோடு நன்றாக இருக்கிறார்கள். என் நண்பர் ஒருத்தர் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். 'ஒன் பீஸ்' தொடரின் நாயகன் லூபி படம், ஆறு கலர், ஆறு ஸ்கிரீன், 1200 பீஸ். நல்ல துணி, நல்ல பிரிண்ட், துவைத்தாலும் போகாது. விற்பனைக்கு ஏற்றிய ஒன்பதாவது நாள் உரிமம் வைத்திருக்கும் கம்பெனி புகார் கொடுக்க, பக்கத்தையே தூக்கிவிட்டார்கள். சரக்கு முழுக்க பனியன் வேஸ்ட்டில் எடைக்குப் போனது. ஆறு மாதம் கழித்து கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு பையன் சக்கில் இருந்த ஆயிலைத் துடைத்துவிட்டுத் துணியை உதறினான், அதில் லூபி சிரித்துக்கொண்டிருந்தான்.

உங்களுக்கு வரையத் தெரியுமா? அந்தப் பாணியில் சொந்தமாக ஆள் வரையுங்கள். காங்கயம் காளைக்கு அனிமே கண் வைத்து யாரும் டி-ஷர்ட் போட்டு நான் பார்க்கவில்லை.

கே: பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேட்டர் ஆக வேண்டும், ஜப்பான் ஸ்டுடியோவில் சேர வேண்டும். அப்பா 'படம் வரைஞ்சு சோறு திங்க முடியுமா' என்கிறார்.
- மாணவர், பொள்ளாச்சி

ப: அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதையே ஜப்பானில் அனிமேட்டர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1963 ஜனவரி 1ல் ஒசாமு தெசூகா 'அஸ்ட்ரோ பாய்' தொடரை டிவிக்குக் கொண்டுவந்தார். மருத்துவம் படித்துவிட்டுப் படம் வரைய வந்த மனுஷன் அவர், உன் அப்பாவிடம் இதை மட்டும் சொல்லிவிடாதே. வாரம் ஒரு எபிசோடு தர வேண்டும், காசு கிடையாது. அதனால் நொடிக்கு 24 படம் வரைவதற்குப் பதில் எட்டோ அதற்கும் குறைவாகவோ வரைந்து, வாயை மட்டும் அசைத்து, பின்னணியை மட்டும் நகர்த்தி ஒப்பேற்றினார். இன்றைக்கு நாம் அனிமே பாணி என்று ரசிக்கிற பல விஷயம் அந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான். அந்தச் சிக்கனத்தின் இன்னொரு பக்கம் சம்பளம். புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் இடைப்படங்களை வரைவார்கள், பல இடங்களில் கூலி படத்துக்கு இத்தனை என்று, 200 யென் சுற்றி. அதாவது பீஸ் ரேட். திருப்பூரில் டெய்லர் கணக்குப் போடுகிற அதே முறை, என்ன, இங்கே பவர் டேபிள், அங்கே பென்சில். மாதச் சம்பளம் கொடுத்து ஆட்களை வளர்க்கிற ஸ்டுடியோவும் உண்டு, கியோட்டோ அனிமேஷன் அதற்குப் பேர் போனது. 2019ல் ஒருவன் தீ வைத்ததில் 36 பேரை இழந்தார்கள், அதற்கப்புறமும் எழுந்து படம் எடுக்கிறார்கள்.

ஆக, ஜப்பானை அப்புறம் பார்க்கலாம். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூவுக்குப் பிறகு அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது, அரசு நிறுவனம், அப்பாவுக்கும் கட்டும். அதற்குள் ஒரு வேலை செய். நீ அனுப்பிய ஆறு படமும் முகம். பெரிய கண், கூர்மையான தாடை, ஆறும் நன்றாக இருக்கிறது, ஆறு பேரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். கை வரைய வராது என்று எனக்குத் தெரியும், எனக்கும் வராது. பொள்ளாச்சியில் தேங்காய் உரிக்கிற களத்துக்குப் போய் உட்கார். கடப்பாறைமேல் தேங்காயைக் குத்தி மூன்றே திருப்பில் மட்டையைக் கழற்றுவார்கள். அந்த மூன்று திருப்பை எட்டுப் படமாக வரைந்து அனுப்பு.

கே: எங்கள் பட்டியில் நான் பேர் வைத்து வளர்த்த கிடாயை நோம்பிக்கு விற்றுவிட்டார்கள். நான் அழுதேன் என்று அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் கேலி செய்கிறார்கள். இதற்கும் அனிமேவுக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா எழுதினேன்.
- பத்தாம் வகுப்பு, தாராபுரம் பக்கம்

ப: சம்பந்தம் இருக்கிறது சாமி. 'சில்வர் ஸ்பூன்' என்று 2013ல் வந்த தொடர். படிப்பு, மார்க் என்று நொந்துபோன டவுன் பையன் ஹச்சிக்கென், வீட்டை விட்டுத் தப்பித்தால் போதும் என்று ஹொக்கைடோவில் ஒரு விவசாயப் பள்ளியில் சேர்கிறான். அங்கே ஒரு பன்றிக்குட்டி. பேர் வைக்காதே, அப்புறம் மனசு கேட்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் வைக்கிறான். என்ன பேர் தெரியுமா? 'புத்தாதோன்'. சோற்றின்மேல் பன்றிக்கறி போட்டுத் தருகிற பலகாரத்தின் பேர். குட்டி வளர்கிறது, அனுப்புகிற நாள் வருகிறது, அனுப்புகிறார்கள். அந்தப் பையன் தான் வேலை செய்து சேர்த்த காசைக் கொடுத்து அந்தக் கறி முழுவதையும் தானே வாங்குகிறான். அதைப் பக்குவம் பண்ணி எல்லோருக்கும் கொடுக்கிறான், தானும் சாப்பிடுகிறான். சரியா தப்பா என்று கதை தீர்ப்பு சொல்வதில்லை.

இதை வரைந்த ஹிரோமு அரகாவா பால்பண்ணை வீட்டுப் பெண், தன் படத்தை மாடாகத்தான் வரைந்துகொள்வார். மாட்டுச் சாணி அள்ளியவர் எழுதினது என்று பார்த்தாலே தெரியும். அப்பாவையும் கூட உட்காரவைத்துப் பார். உனக்கு மாடு ஆட்டின்மேல் இவ்வளவு மனசு இருக்கிறது என்றால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் எடுக்கிறார்கள். கிடாய்க்கு என்ன பேர் வைத்திருந்தாய் என்று எழுதவே இல்லையே?

கே: தம்பி காலேஜை விட்டு நின்று எட்டு மாதம் ஆகிறது. அறையை விட்டு வருவதில்லை, ராத்திரி முழுக்க அனிமே, பகலில் தூக்கம். சாப்பாட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்கிறான். வை-ஃபையை நிறுத்திவிடலாமா?
- ஓர் அக்கா, கரூர்

ப: நிறுத்தாதீர்கள் அம்மிணி. அவனுக்கு வெளியுலகத்தோடு மிச்சம் இருக்கிற ஒரே கயிறு அதுவாக இருக்கலாம். அனிமே பார்த்ததால் அறைக்குள் போனான் என்று எனக்குத் தோன்றவில்லை, காலேஜில் ஏதோ நடந்து அறைக்குள் போனான், உள்ளே போனவனுக்கு அனிமே துணையாக இருக்கிறது. ஜப்பானில் இப்படி மாதக்கணக்கில் ஒடுங்கிவிடுகிறவர்களுக்கு 'ஹிக்கிகொமோரி' என்றே பேர் வைத்து, 1990களிலிருந்து மனநல மருத்துவர்கள் பேசி வருகிறார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டி யாரும் வெளியே வந்ததாகத் தெரியவில்லை. 14416க்குப் போன் செய்யுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. முதலில் நீங்கள் பேசுங்கள், தம்பி அப்புறம். சாகிற மாதிரி ஏதாவது பேசினான் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். இடையில் ஒருநாள் சாப்பாட்டை வாசலில் வைக்கும்போது, என்ன தொடர் பார்க்கிறாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் பேரைச் சொன்னால் நீங்களும் உங்கள் செல்போனில் முதல் எபிசோடைப் பாருங்கள். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே சொல்லுங்கள். சண்டைக்காவது கதவு திறக்கட்டும்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்குப் பிடித்த அனிமே எது?
- பலர்

ப: 'மை நெய்பர் டோட்டோரோ'. 1988ல் மியாசாகி எடுத்த படம். பிடித்த காரணம் படம் மட்டும் இல்லை, என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா.

எண்பது தாண்டியவர், காது மந்தம், ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் அவருக்கு அப்போது பெரிய வித்தியாசம் கிடையாது. ஒருநாள் ராத்திரி நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்தபடியே பார்க்க ஆரம்பித்தார். அந்தப் படத்தில் ஒரு பாட்டி, தோட்டத்தில் வெள்ளரிக்காய் பறித்துத் தண்ணியில் போட்டுக் குளிர வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அமுச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். 'நாங்களும் வாய்க்காத் தண்ணியில இப்படித்தான் போட்டு வெப்போம்' என்றார். அதற்கப்புறம் அந்தப் பெரிய மரத்துப் பூதம், பூனை பஸ், எதற்கும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. மரம்னா ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சின்னக் குட்டி, ஆஸ்பத்திரியில் இருக்கிற அம்மாவுக்கு மக்காச்சோளம் கொடுக்கிறேன் என்று தனியாகக் கிளம்பித் தொலைந்துபோகும். ஊரே தேடும். குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைக்கும். அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. அரைமணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு நான் தூங்கிவிட்டேன்.

வெள்ளென நாலரை மணிக்கு யாரோ தோளைத் தட்டினார்கள். அமுச்சி. கையில் டார்ச் லைட்.

'ஏஞ்சாமி, கரண்ட் வந்திருச்சு. அந்தப் புள்ள கெடைச்சாளான்னு பாத்துட்டு அப்புறம் படுத்துக்க.'